எங்கோ பலித்த திட்டம் ஏற்காட்டில் பலிக்குமா?

சேலத்தில் சிறிய அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறவர் கேட்டது இது. ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி அவர்களுக்கு மூன்று வருடத்துக்குக் கிடைத்திருக்கிறது. ஏற்காடு மலையில் ஆறு ஊர்களிலும், டவுனில் கொலுசு வேலை நடக்கும் இரண்டு தெருக்களிலும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். பணம் தருபவர்கள், "ஆதாரம் உள்ள திட்டமாக எடுங்கள், வருடக் கடைசியில் பலனைக் காட்டுங்கள்" என்கிறார்கள். எந்தத் திட்டத்தை எடுப்பது, எடுத்தபின் அது வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இருபது வருடத்துக்கு மேல் சேலம், தருமபுரிப் பக்கம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பல திட்டங்களுக்குக் கணக்கெடுப்பும் செய்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன். திட்டத்தின் பெயரையும் புகழையும் பார்த்து எடுக்காதீர்கள். அது பலித்த இடத்தில் யார் கையால், எந்த நேரத்தில், வீட்டில் யார் வழியாகப் பலித்தது என்று முதலில் பாருங்கள். அந்தக் கையும் நேரமும் ஆளும் உங்கள் ஊரில் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தை எதை வைத்து நிரப்புவது என்று யோசித்துவிட்டுத்தான் பணத்தைத் தொட வேண்டும்.

இதற்கு நம் மாநிலத்துக் கதையே இருக்கிறது. 1980ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சுமார் மூன்று மாதம் சத்துணவு உருண்டை. எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். கூடவே அம்மாவுக்கு என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று சொல்லித்தருவார்கள். சொல்லித்தந்தவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களே. கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது. உலகமே பார்த்த திட்டம் அது. 1990களின் நடுவில் வங்கதேசம் கிட்டத்தட்ட இதே அச்சில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அங்கே எதிர்பார்த்த பலன் வரவில்லை.

காரணம் தேடியபோது தெரிந்தது இதுதான். வங்கதேசக் கிராமங்களில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு சோறு என்று முடிவு செய்வது மாமியார். திட்டமோ அம்மாவுக்கு மட்டும் பாடம் நடத்தியது. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தும் கரண்டி அவள் கையில் இல்லை. கொடுத்த சத்துணவும் பல வீடுகளில் கூடுதல் உணவாகாமல், வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாகிவிட்டது அல்லது மற்றவர்களுக்கும் பங்கு போனது. நான்சி கார்ட்ரைட், ஜெரமி ஹார்டி என்ற இரு அறிஞர்கள் இந்த உதாரணத்தைத்தான் எடுத்து விரிவாகப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் கிடைத்த ஆதாரம் பொய்யில்லை. "குழந்தையின் உணவை அம்மா தீர்மானிக்கிறாள்" என்று யாரும் எழுதி வைக்காத ஒரு நிபந்தனை அதற்குள் இருந்தது.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு, உங்களிடம் எல்லோரும் கொண்டுவரப்போகும் ஜமைக்கா திட்டத்தைப் பாருங்கள். சிறு குழந்தைகளுக்கான வீட்டு வருகைத் திட்டம் என்றாலே அதைத்தான் காட்டுவார்கள். 1986-87ல் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்தார்கள். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையானவர்கள். சாலி கிரந்தம் மெக்ரிகர் என்ற மருத்துவரின் ஆய்வு. வாரம் ஒரு முறை சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம், வீட்டுச் சாமானில் செய்த பொம்மைகளை வைத்து அம்மாவும் குழந்தையும் சேர்ந்து விளையாடக் கற்றுக்கொடுத்தார். இரண்டு வருடம். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது இந்த விளையாட்டுப் பாடம் பெற்ற குழந்தைகளின் சம்பாத்தியம், அது பெறாத ஒப்பீட்டுக் குழுவைவிட 25 சதவீதம் அதிகம். சத்துப் பால் மாவு மட்டும் பெற்ற குழுவுக்கு அந்த நீண்ட நாள் லாபம் தெரியவில்லை. நல்ல ஆய்வு, நம்பலாம். ஆனால் 129 குழந்தைகள். கூடவே, நன்றாகப் பயிற்சி பெற்று நெருக்கமான மேற்பார்வையில் வேலை செய்த ஊழியர்கள்.

அதையே கொலம்பியாவில் 96 நகராட்சிகளில், 1,400க்கு மேற்பட்ட குழந்தைகளிடம், உள்ளூர்ப் பெண்களை வைத்து நடத்தினார்கள். பதினெட்டு மாத முடிவில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் நல்ல வித்தியாசம் இருந்தது. திட்டம் முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. மூன்று வருடப் பணத்தோடு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் போனபின் அந்தக் குழந்தை எங்கே போகும்? அங்கன்வாடிக்கா, ஒன்றாம் வகுப்புக்கா, யாருமில்லாத வீட்டுக்கா? திட்டத்தின் கடைசி மாதத்தை முதல் மாதத்திலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒடிசாவில் நடந்தது உங்களுக்கு இன்னும் பக்கம். அங்கே இதே பாடத்தை ஒரு தொகுதி ஊர்களில் வீடு வீடாகவும், இன்னொரு தொகுதியில் அம்மாக்களைக் கூட்டமாக உட்காரவைத்தும் நடத்திப் பார்த்தார்கள். குழந்தைகளின் முன்னேற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூட்டமாக நடத்தியதற்கு ஆன செலவு பல மடங்கு குறைவு. உங்கள் தொகைக்கு இதுதான் கட்டுப்படியாகும். ஆனால் கூட்டம் என்றால் எங்கே, எத்தனை மணிக்கு? இந்தக் கேள்வியில்தான் நான் ஒரு வருடம் கோட்டை விட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சந்து. காலை பதினோரு மணி. வாசல்படிக்கு உள்ளே அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, முன்னால் ஒரு பலகையில் கொலுசை நீட்டிவைத்து, இடுக்கியால் ஒவ்வொரு சலங்கையாக எடுத்து வைக்கிறாள். எடைக் கணக்கில் கூலி. சாயங்காலத்துக்குள் சரக்கைப் பட்டறையில் சேர்க்க வேண்டும். எங்கள் ஊழியர் பொம்மைப் பையோடு உள்ளே போகிறார். பாட்டிலில் கூழாங்கல் போட்ட கிலுகிலுப்பை, அட்டைப் புத்தகம், துணிப் பந்து. "நீங்க பாட்டுக்கு விளையாடுங்க அக்கா, நான் கேட்டுக்கிட்டே வேலை பார்க்கிறேன்" என்கிறாள் அந்தப் பெண், தலை நிமிராமல். ஒன்றரை வயதுப் பையன் பலகைப் பக்கம் தவழ்கிறான். அங்கே சூடு இருக்கிறது. திண்ணையிலிருந்து அப்பாயி ஓடி வந்து தூக்கிக்கொண்டு போகிறார். ஊழியர் பின்னாலேயே திண்ணைக்குப் போய், தானே குழந்தையோடு விளையாடிவிட்டுத் திரும்புகிறார். நோட்டில் "வருகை நடந்தது, ஒரு மணி நேரம், அம்மா உடனிருந்தார்" என்று டிக்.

நோட்டை மட்டும் பார்த்தால் அந்த மாதம் எங்கள் திட்டம் நூற்றுக்கு நூறு. அம்மாவிடம் ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஆறேழு வீடுகளில் நானே போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அந்தத் தெருவில் பகல் பொழுதில் குழந்தை அப்பாயியின் பொறுப்பு, சில வீடுகளில் பள்ளிக்கூடம் விட்டு வரும் அக்காவின் பொறுப்பு. பாடத்தை அப்பாயிகளுக்கு மாற்றினோம். அவர்களுக்குத் தெரிந்த விளையாட்டுப் பாட்டுகளைப் பாடச் சொன்னோம். அதில் எங்கே நிறுத்தினால் குழந்தை பதில் சத்தம் கொடுக்கும் என்று காட்டினோம். அம்மாக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டம். அதன்பிறகுதான் ஊழியர் இல்லாத நேரத்திலும் அந்தப் பொம்மைகள் பையை விட்டு வெளியே வந்தன.

ஆகவே உங்கள் முதல் வேலை கணக்கெடுப்புப் படிவம் அச்சடிப்பது அல்ல. ஒவ்வொரு ஊரிலும் நாலு வீட்டில், காலை ஆறு மணி முதல் இரவு விளக்கணைக்கும் வரை குழந்தை யார் கையில் இருக்கிறது, யார் ஊட்டுகிறார், யார் தூங்கவைக்கிறார் என்று உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள். இரண்டு வாரம் ஆகும். இதற்குப் பணம் கேட்டால் தருபவர்கள் முகம் சுளிப்பார்கள். விடாதீர்கள்.

மலைக்கு வந்தால் கணக்கே வேறு. அங்கே பெரும்பாலும் மலையாளி மக்கள். கேரளத்தோடு இந்தப் பெயருக்குச் சம்பந்தமில்லை, தமிழ் பேசும் பழங்குடியினர். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, செம்மநத்தம், தலைச்சோலை, மாரமங்கலம் என்று ஊராட்சிகளின் பேர் வரிசையாகத் தெரியுமே தவிர, ஒரு ஊராட்சிக்குள்ளேயே குடியிருப்புகள் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கின்றன. பல ஊர்களுக்கு நாளுக்கு இரண்டு மூன்று தடவைதான் பஸ். நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிப்பு, அது முடிவதற்குள் மிளகு. எஸ்டேட்டுக்குப் போகிற அம்மா விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். சில குடும்பங்கள் பறிப்புக்கு வெளி மாநிலத்துக்கே போய்விடும், கைக்குழந்தையையும் சேர்த்து. டவுன் தெருவுக்குப் போட்ட அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஜனவரியில் கூட்டத்துக்கு நீங்களும் உங்கள் பாயும்தான் இருப்பீர்கள்.

மலைக்கு எனக்குச் சரியாகப் படுவது வேறொரு ஆதாரம். தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடி மையங்களில் நடந்த ஆய்வு, கார்த்திக் முரளிதரனும் அவருடன் இரண்டு பொருளாதார அறிஞர்களும் செய்தது. குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு அரை நாள் வேலைக்கு ஒரு கூடுதல் பணியாளரைக் கொடுத்தார்கள், முன்பருவக் கல்விக்கென்றே. ஒன்றரை வருடத்தில் அந்த மையங்களில் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் நேரம் இரண்டு மடங்கானது. மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். மையத்தில் தொடர்ந்து இருந்த குழந்தைகளிடம் ஊட்டக்குறைவும் குறைந்தது. ஏனென்றால் பழைய பணியாளருக்கும் எடை பார்க்கவும் வீடுகளுக்குப் போகவும் நேரம் கிடைத்தது. செலவைவிடப் பலன் பல மடங்கு என்றும் கணக்கிட்டார்கள்.

ஒரு மையத்தில் ஒரு காலைப்பொழுது இருந்து பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. டீச்சர் வந்ததும் வருகைப் பதிவு. அப்புறம் மையத்தின் விவரங்களை ஏற்றும் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலி, மலையில் சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடிப்போய். சத்துமாவு கணக்கு, கர்ப்பிணிகள் கணக்கு, நடுவில் முட்டை வந்து இறங்கும். ஆயாம்மா விடுப்பில் போனால் சமையலும் டீச்சர் தலையில். குறு அங்கன்வாடி மையம் என்றால் ஆயாம்மா என்ற பதவியே கிடையாது. பாட்டுக்கும் கதைக்கும் மிஞ்சுவது என்ன? இங்கே பஞ்சம் நேரத்துக்கும் ஆளுக்கும்தான். புதுப் பாடத்திட்டமோ பிளாஸ்டிக் பொம்மையோ அதைத் தீர்க்காது. ஊரிலேயே பன்னிரண்டாவது படித்த பெண்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மையத்திலும் ஒருவரை அரை நாளுக்கு வையுங்கள், மாவட்டத்தில் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு. ஊர்க்காரப் பெண் என்றால் பஸ்ஸும் பிரச்சினை இல்லை, பறிப்புக் காலத்தில் மையத்தைச் சாயங்காலம் வரை திறந்து வைக்கவும் முடியும்.

ஆனால் எச்சரிக்கை ஒன்று. அந்தப் பெண்ணை மூன்றாம் மாதம் பதிவேடு எழுத உட்காரவைத்துவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, வேலை அவ்வளவு இருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் அனுபவம் இதைத்தான் சொல்கிறது. வயதைப் பார்க்காமல், குழந்தை இருக்கும் படிநிலையைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் அவர்கள் முறை பல இடங்களில் சோதித்துத் தேறியது. நம் பள்ளிகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் அந்த வழிதான். அதே முறையைப் பீகாரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் புத்தகமும் கொடுத்துப் பள்ளி நாளுக்குள் விட்டபோது பலன் சொற்பம். அதே ஆசிரியர்கள் கோடை முகாமில் அதையே நடத்தியபோது பலித்தது. ஹரியானாவில் இதற்கென்று நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையும் வைத்தபோது பள்ளிக்குள்ளேயே பலித்தது. ஆசிரியருக்குத் தெரியாமல் இல்லை. பாடப்புத்தகத்தை முடிக்கும் அவசரம் புது முறையை விழுங்கிவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் "காலை பத்து முதல் பன்னிரண்டு வரை குழந்தைகளோடு மட்டும்" என்று நேரம் போட்டு எழுதுங்கள். யார் வந்து பார்ப்பார், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதையும் எழுதுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஆலோசனைத் திட்டம் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் செவிலியர் வீட்டு வருகைத் திட்டம் நல்ல பெயர் வாங்கியது. இங்கிலாந்தில் 1,600க்கு மேற்பட்ட இளம் தாய்மார்களிடம் சோதித்து 2016ல் முடிவு வெளியிட்டபோது, முக்கியமாகப் பார்த்த பலன்களில் கூடுதல் லாபம் இல்லை. அங்கே சாதாரணமாகவே எல்லாத் தாய்க்கும் மருத்துவச்சியும் சுகாதாரச் செவிலியரும் கிடைக்கிறார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். சேலம் டவுனிலும் நிலைமை அதற்குப் பக்கம்தான். நகர்ப்புறச் சுகாதார நிலையமும் செவிலியரும் இருக்கிறார்கள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி வருகிறது, அதை வாங்கப் பரிசோதனைகளுக்கும் போயாக வேண்டும். அதன்மேல் நீங்கள் வைக்கும் ஆலோசனை எவ்வளவு சேர்க்கும்? மலையில் ஒரு குடியிருப்பிலிருந்து சுகாதார நிலையத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது என்றால், அங்கே போக்குவரத்துக்குச் செய்யும் உதவி பத்து ஆலோசனைக் கூட்டத்துக்குச் சமம். என் கருத்து, டவுனில் இதைத் தொடவேண்டாம்.

சரி, பலனை அளப்பது. மனசாட்சியோடு செய்யவேண்டிய இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்னும் பின்னும் பார்த்துவிட்டு வித்தியாசம் முழுவதும் நம் திட்டத்தால் வந்தது என்று சொல்லிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இல்லம் தேடிக் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் குழந்தைகள் இழந்த படிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரே குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு சொல்கிறது. அந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு சுமார் கால் பங்கு. கால் பங்கு என்பது பெரிய சாதனை, அதிலும் ஏழைக் குழந்தைகளுக்கு அதிகம் கிடைத்தது. ஆனால் ஒப்பீடு இல்லாமல் முன், பின் மட்டும் பார்த்திருந்தால் முழு மீட்சியையும் அந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதியிருப்போம். பள்ளி திறந்ததாலேயே வந்ததும் அதில் கலந்திருக்கும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. மெலிந்த குழந்தைகளாகப் பொறுக்கி எடுத்து, சத்து கொடுத்து, மூன்று மாதத்தில் பாதிப்பேர் தேறிவிட்டார்கள் என்று எழுதுவது. நவம்பர் மழையில் வயிற்றுப்போக்கு வந்து, எடை இறங்கிய நேரத்தில் நாம் பட்டியல் எடுக்கிறோம். வியாதி தீர்ந்தால் அதில் பல குழந்தைகள் தானாகவே பழைய எடைக்கு வந்துவிடும். ஒரு முறை, திட்டம் இன்னும் தொடங்காத பக்கத்து ஊர்களிலும் அதேபோல் பட்டியல் எடுத்து வைத்திருந்தோம். பிப்ரவரியில் பார்த்தால் அங்கும் பாதிக்கு மேல் பட்டியலை விட்டு வெளியே. அந்தப் பக்கத்து ஊர்க் கணக்கு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் பெருமையாக அறிக்கை அனுப்பியிருப்போம். அன்றிலிருந்து ஒரே மாதத்தை ஒரே மாதத்தோடுதான் ஒப்பிடுகிறேன், பிப்ரவரிக்கு அடுத்த பிப்ரவரி.

எடை பார்ப்பதும் கவனமாகச் செய்யவேண்டிய வேலை. மலையில் டிசம்பர் காலை, பனி. தொங்கும் தராசில் பையை மாட்டி, ஒரு வயதுக் குழந்தையை உட்காரவைக்கிறோம். ஸ்வெட்டர், குல்லா, அரைஞாண், கையில் காப்பு. கழற்றச் சொன்னால் அம்மா கோபப்படுகிறாள். அவள் கோபம் நியாயம். ஆனால் அந்த வயதில் ஒரு குழந்தை மாதத்துக்கு ஏறுவதே இருநூறு கிராம் சுமாருக்குத்தான். ஒரு கம்பளி ஸ்வெட்டரின் எடையும் ஏறக்குறைய அதேதான். டிசம்பரில் ஸ்வெட்டரோடும் மே மாதம் வெறும் உடம்போடும் பார்த்தால், நன்றாக வளர்ந்த குழந்தையின் கணக்கிலும் ஒரு மாத வளர்ச்சி காணாமல் போகும். குழந்தைகளை உள்ளே, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து எடை பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் அதே ஸ்வெட்டரைத் தனியாக எடை போட்டுக் கழித்துவிடுங்கள். உயரத்திலும் இப்படி ஒரு பொறி. இரண்டு வயது வரை படுக்கவைத்து அளக்க வேண்டும், அதன்பின் நிற்கவைத்து. நிற்கும் உயரம் 0.7 சென்டிமீட்டர் குறைவாக வரும். அதைச் சரிசெய்யாமல் எழுதினால் இரண்டு வயதைத் தாண்டும் ஒவ்வொரு குழந்தையும் உங்கள் கணக்கில் குட்டையாகிவிடும்.

எதை அளப்பது என்பதிலேயே சிக்கல் வரலாம். நம் சேலம் அதற்குப் பெயர்போன இடம். 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இங்கேதான், பெண் சிசுக்கொலையைத் தடுக்க. தொட்டிலில் போடப்பட்ட குழந்தைகள் எத்தனை என்று ஒரு எண் வருகிறது. அது கூடினால் நல்லதா, கெட்டதா? சாகவேண்டிய குழந்தை பிழைத்தது என்று படிக்கலாம். வளர்க்கப்பட்டிருக்கவேண்டிய குழந்தை கைவிடப்பட்டது என்றும் படிக்கலாம். அந்த எண்ணால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. சரி, ஆண்-பெண் குழந்தை விகிதத்தைப் பார்ப்போம் என்றால், 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரை ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள், 2011ல் 916. பெரிய முன்னேற்றம். ஆனால் அதே காலத்தில் பெண் குழந்தை பாதுகாப்பு வைப்புத்தொகை, கருவின் பாலினம் பார்ப்பதற்கு எதிரான 1994 சட்டம், வழக்குகள், ஊர் ஊராகப் போன தொண்டு நிறுவனங்கள், பெண்களின் சுய உதவிக் குழுக்கள் எல்லாம் நடந்தன. இதில் எது எவ்வளவு செய்தது என்று இன்று யாராலும் பிரித்து எடுக்க முடியாது. 1991 கணக்கோடு ஒப்பிடப் போனால் இன்னொன்று இடிக்கும், 1997ல்தான் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அன்றைய சேலமும் இன்றைய சேலமும் ஒரே நிலம் இல்லை. பெண் குழந்தைகள் உயிரோடு வளர்கிறார்கள் என்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் இதனால் குறையவில்லை. அடுத்த திட்டத்தில் பணத்தை எதில் போடுவது என்று கேட்டால்தான் பதில் இல்லாமல் நிற்கிறோம்.

உங்கள் அளவில் என்ன செய்யலாம்? ஆறு ஊர்கள், இரண்டு தெரு. குழந்தைகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் ஒப்பீட்டுக்கு உங்களிடம் இருப்பது ஆறு ஊர்கள்தான். ஒரு ஊரில் தண்ணீர்த் தொட்டி கெட்டுப்போனால் அந்த ஊர்க் குழந்தைகள் எல்லோருடைய எடையும் சேர்ந்தே இறங்கும். இதை வைத்துக்கொண்டு "நிரூபித்தோம்" என்று எழுத முடியாது, எழுதவும் கூடாது. பலிக்கும் என்பதற்கான ஆதாரத்தை அந்த 320 மைய ஆய்விலிருந்து கடன் வாங்குங்கள். உங்கள் வேலை, அந்த ஆய்வில் நடந்தது உங்கள் மையத்திலும் நடந்ததா என்று காட்டுவது. கூடுதல் பெண் வந்த நாள் எத்தனை, குழந்தைகளோடு செலவான நிமிடம் எத்தனை, டீச்சருக்கு மிஞ்சிய நேரம் எங்கே போனது. மாதத்துக்கு இரண்டு முறை சொல்லாமல் போய், ஒரு முழுக் காலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்ன நடக்கிறது என்று குறித்தால் போதும். குழந்தைகள் தேறினார்களா என்பதையும் பாருங்கள், பக்கத்து ஊர்களோடு சேர்த்து, அடக்கமாக.

ஆறு ஊரிலும் ஒரே நாளில் தொடங்க உங்களிடம் ஆள் இருக்காது. அப்படியென்றால் எந்த மூன்று ஊர் முதலில் என்பதை ஊர்ப் பெரியவர்களை வைத்துத் திருவுளச்சீட்டு போட்டு எடுங்கள். மீதி மூன்றுக்கு அடுத்த வருடம் என்று அதே இடத்தில் சொல்லிவிடுங்கள். சீட்டில் வந்ததை யாரும் குறை சொல்லமாட்டார்கள், செல்வாக்குள்ளவர் ஊருக்கு முதலில் போனது என்ற பேச்சும் வராது. உங்களுக்கும் ஒரு வருடத்துக்கு நேர்மையான ஒப்பீடு கிடைக்கிறது. காத்திருக்கும் ஊரில் எடை பார்க்கும்போது கடுமையாக மெலிந்த குழந்தை கண்ணில் பட்டால் ஒப்பீடு கெடுமே என்று நிற்கக்கூடாது. உடனே மருத்துவமனை, அரசின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் பதிவு. கணக்கில் அதைக் குறித்துவைத்தால் போதும்.

பாதியில் நின்றவர்களை எண்ணிக்கையிலிருந்து நீக்காதீர்கள். பறிப்புக்கு வெளி மாநிலம் போன குடும்பம், தறிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு இளம்பிள்ளைப் பக்கம் போன குடும்பம், ஊழியரைப் பிடிக்காமல் கதவைச் சாத்திய குடும்பம். "தொடர்ந்து வந்த குழந்தைகளில் எண்பது சதவீதம் தேறினார்கள்" என்ற வரியை நான் எத்தனையோ அறிக்கைகளில் படித்திருக்கிறேன். வராதவர்கள்தான் நாம் யாருக்காகப் போனோமோ அவர்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்டு, அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

பணம் தருபவர்களிடம் கையெழுத்துப் போடும் முன்பே ஒரு பேச்சு பேசிவிடுங்கள்: எது நடந்தால் இந்தத் திட்டம் பலிக்கவில்லை என்று நாங்களே சொல்வோம். உதாரணமாக, ஒரு வருடம் கழித்தும் குழந்தைகளோடு செலவாகும் நேரம் கூடவில்லை என்றால் நிறுத்திவிட்டு மாற்றுவோம் என்று எழுத்தில் கொடுங்கள். எழுதிவைக்காவிட்டால் வருடக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து வெற்றிக் கதை தேட ஆரம்பித்துவிடுவோம். நல்லவர்களும் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

ஜூனில் தொடங்குங்கள், அப்போது பறிப்பு இல்லை, வீட்டில் ஆள் இருப்பார்கள். முதல் இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது. பிறகு சீட்டுப் போடுவது, ஊர்ப் பெண்களைத் தேர்ந்தெடுப்பது, ஒரு மாதப் பயிற்சி. அக்டோபருக்குள் மையங்கள் ஓடத் தொடங்கிவிட வேண்டும். நவம்பரில் பறிப்புக்குக் கிளம்பும் அம்மா குழந்தையை விட்டுச்செல்ல நம்பிக்கையான ஓர் இடம் தேடுவாள், அந்த வாரம் உங்கள் கதவு திறந்திருக்க வேண்டும். தராசு வாங்கும்போது கூடவே இரண்டு கிலோ படிக்கல் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். எடை பார்க்கும் நாளில் முதல் குழந்தைக்கு முன்னால் அந்தக் கல்லைப் பையில் வைத்து, தராசு சரியாக இரண்டு காட்டுகிறதா என்று அம்மாக்கள் எதிரிலேயே பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.